தலைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே

தருமபுரிக் கோட்டைக் கோயிலுக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு காகிதத்தோடு போகிறார்கள். மல்லிகார்ஜுனர் சந்நிதிக்கு முன்னால் இருக்கும் மகாமண்டபத்தில் தரையில் ஊன்றாமல் நிற்கும் தூண் உண்டு. தொங்கும் தூண் என்று பெயர். அதன் அடியில் காகிதத்தையோ கைக்குட்டையையோ நுழைத்து மறுபக்கம் இழுக்க வேண்டும், கூட வந்தவர் அதைச் செல்போனில் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கோயில் ‘பார்த்து’ முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால், அந்த மண்டபத்தில் ரசிக்க ஆகக் குறைவாக இருக்கிற பொருள் அந்தத் தூண்தான். இதை முதலில் என் தலையில் ஏற்றியவர் எங்கள் பட்டறைப் பெரியவர் ஒருவர். சின்ன வயதில் உளி பிடித்துச் சாமி சிலை செதுக்கியவர், வயதான பிறகு மெஷின் பக்கம் ஒதுங்கியவர். “சுமக்க வேண்டிய தூண் சுமக்காம நிக்குது தம்பி. அதுக்குப் போய்க் கை தட்டறாங்க. பக்கத்துல இருக்கறதெல்லாம் ஆயிரம் வருசமா மேக்கல்ல தூக்கிட்டு நிக்குது, அதுங்கள யாரு பாக்கறா?” என்றார். லேபாட்சியிலும் இதே கதைதான். விஜயநகர காலத்து வீரபத்திரர் கோயில் அது, 16-ஆம் நூற்றாண்டு. அங்கேயும் தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுப்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே தென்னிந்தியாவின் மிகச் சிறந்த விதான ஓவியங்கள் சில, அண்ணாந்து பார்க்க ஆளில்லாமல் கிடக்கின்றன.

பழைய கோயிலைப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கண் மட்டத்தில் இருப்பதை விட்டுவிட்டு, முதலில் அண்ணாந்து பார்ப்பது, அப்புறம் குந்தி உட்கார்ந்து பார்ப்பது. சிற்பி பாடுபட்ட இடங்கள் பெரும்பாலும் தலைக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும்தான் இருக்கும். இடைப்பட்ட உயரத்தில் நாம் சாய்ந்து, தடவி, விபூதி தேய்த்து, எண்ணெய்க் கை வைத்து எல்லாவற்றையும் மழுக்கி வைத்திருக்கிறோம்.

நான் போச்சம்பள்ளிக்காரன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பேர்போன ஊர். ஆடு, மாடு, கோழி, புளி, மாங்காய் என்று சுற்றுவட்டாரமே வந்து சேரும். இப்போது சிப்காட்டும் ஸ்கூட்டர் தொழிற்சாலையும் சந்தையை விடப் பேர் வாங்கிவிட்டன. ஆனால் கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி என்று எங்கள் வட்டாரம் முழுக்க நிலத்துக்கு அடியில் கிடக்கிற சொத்து கல்தான். ஊதாவும் சாம்பலும் அலையலையாக ஓடும் ‘பாரடைசோ’ இந்தப் பக்கத்துக் கல். இங்கிருந்து கப்பலேறி எந்த ஊர் அடுப்படி மேடையாகவோ, எந்த ஊர்க் கல்லறைப் பலகையாகவோ போய்ச் சேர்கிறது.

கல்லோடு பிழைக்கிறவனுக்குக் கோயில் கல் வேறுவிதமாகத் தெரியும். எங்கள் வேலையில் கல்லுக்குச் செய்யும் மரியாதை அதைத் தட்டையாக்குவதுதான். வைரமணி கோத்த கம்பி மலையிலிருந்து பாளத்தை அறுக்கும். பட்டறையில் அதை 20 மில்லிமீட்டர், 30 மில்லிமீட்டர் பலகைகளாக இழைப்போம். பிறகு பாலிஷ் லைனில் கரடு முதல் மாவு வரை தேய்ப்புக்கல்லை மாற்றி மாற்றி ஓட்டி முகம் பார்க்கிற மாதிரி ஆக்குவோம். வாங்குகிறவர் முதலில் செய்கிற வேலை பலகையைச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தை அதில் ஓடவிட்டுப் பார்ப்பது. ஒரு மில்லிமீட்டர் மேடு பள்ளம் தெரிந்தாலும் ‘ரிஜெக்ட்’. எங்கள் கணக்கில் மேடு என்றால் குறை. கோட்டைக் கோயில் மண்டபத்திலோ அந்த மூன்று நான்கு மில்லிமீட்டர் மேட்டில்தான் முத்துச்சரமும் பூமாலையும் கொடிச்சுருளும் உயிரோடு இருக்கின்றன. அதே மாதிரிக் கடுங்கல், அதே சாய்ந்த வெளிச்சம், ஆனால் தேடுவது நேர் எதிரான ஒன்றை.

போச்சம்பள்ளியிலிருந்து அரசம்பட்டித் தென்னந்தோப்புகளைத் தாண்டி, தென்பெண்ணையைக் கடந்து தருமபுரி போகலாம். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில்தான் 2004 வரை நாங்களும் இருந்தோம். சங்க காலத்தில் தருமபுரிக்குப் பேர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையும் நெல்லிக்கனியும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திப்புவிடமிருந்து பாராமகால் என்ற இந்த வட்டாரத்தைக் கும்பெனி வாங்கியபோது தாமஸ் மன்றோ இளம் அதிகாரியாக இங்கேதான் வரி போட்டுக்கொண்டும் தோட்டம் போட்டுக்கொண்டும் இருந்தார் என்பதும் ஓரளவுக்குத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிற ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் தகடூரை ஆண்டவர்கள் யார் என்று கேட்டால்தான் ஊர் முழிக்கும்.

நுளம்பர்கள். கன்னடத்தில் நொளம்பர். பல்லவ குலத்தில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். தலைநகர் ஹேமாவதி, இன்றைய ஆந்திராவும் கர்நாடகமும் ஒட்டுகிற இடத்தில் இருக்கிற சிற்றூர். கங்கருக்கும் ராஷ்டிரகூடருக்கும் பாணருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு, ஒருவரோடு கொண்டான் கொடுத்தான், இன்னொருவரோடு சண்டை என்று காலம் தள்ளிய சின்ன அரசு. 9-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அவர்களில் மகேந்திரன் என்பவன் பாணரை ஒடுக்கித் தகடூர் வரை கை நீட்டினான். கடைசியில் கங்கன் ஒருவன் அவனை வென்று ‘மகேந்திராந்தகன்’ என்று பட்டம் கட்டிக்கொண்டான். அடுத்த நூற்றாண்டில் இன்னொரு கங்கன், இரண்டாம் மாரசிம்மன், ‘நொளம்ப குலாந்தகன்’ என்றே பேர் வைத்துக்கொண்டான். ஒரு சின்ன குலத்தை ஒழித்ததை இத்தனை பேர் பட்டமாகப் போட்டுக்கொண்டார்கள் என்றால், அந்தச் சின்ன குலம் எவ்வளவு தொந்தரவு கொடுத்திருக்க வேண்டும் பாருங்கள்.

தருமபுரியில் கிடைத்த மகேந்திரன் காலத்துக் கல்வெட்டுகளில் ஒன்று 893-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற வணிகச் சகோதரர்கள் தகடூரில் ஒரு சமணப் பள்ளி கட்டினார்கள். அதற்காக நிதியண்ணன் அரசனிடம் மூலப்பள்ளி என்ற ஊரைப் பெற்றுத் தானமாகக் கொடுத்தான் என்பது செய்தி. எழுதியிருப்பது கன்னடத்தில். ஊர் தகடூர், அரசன் சைவன், கட்டியவர்கள் செட்டிகள், கட்டியது சமணருக்கு. ஓசூர் பஸ்ஸில் ஏறினால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருவதை நாங்கள் அதிசயமாக நினைப்பதே இல்லை. இந்தக் கலப்பு ஆயிரத்து நூறு வருஷமாக இருப்பதுதான்.

கோட்டைக் கோயில் வளாகத்தில் சிவன் கோயிலும், பக்கத்திலேயே பரவாசுதேவப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. சிவன் கோயிலில் சுவாமி மல்லிகார்ஜுனர், அம்மன் கல்யாண காமாட்சி. பிற்காலச் சேர்க்கைகள் உண்டு, திருப்பணிகள் உண்டு, சிமெண்டும் டைல்ஸும் எட்டிப் பார்க்காத கோயில் இன்று எது? நுளம்பர் கையைப் பார்க்க வேண்டுமானால் மகாமண்டபத்துக்குள் போய்க் கண் பழகும் வரை கொஞ்சம் நிற்க வேண்டும்.

தூணில் ஆரம்பிக்கலாம். சோழ நாட்டு ஆரம்பகாலத் தூண் பெரும்பாலும் அடக்கமானது. சதுரம், எட்டுப்பட்டை, மறுபடி சதுரம் என்று முடித்துக்கொள்ளும். நுளம்பர் தூணுக்கு அலங்காரத்தில் ஆசை அதிகம். அடியில் கனத்த சதுரம். அதன் முகத்தில் சின்னச் சட்டம் போட்டு ஓர் உருவமோ பூவேலையோ. அதற்கு மேல் பட்டைகள் பெருகிப் பெருகி வட்டத்தை நோக்கிப் போகும். நடுவில் வாரிழுத்துக் கட்டியது போல ஒரு பட்டி, அதிலிருந்து தொங்கும் முத்துச்சரங்கள். மேலே குடம், குடத்துக்கு மேல் விரிந்த பலகை, பலகை மேல் போதிகை, போதிகை மேல் உத்தரம். உத்தரத்தில் இறங்கும் பாரம் போதிகையில் குறுகி, பலகையில் பரவி, குடத்தில் மறுபடி குறுகி, தண்டு வழியாகத் தரைக்குப் போகிறது. அலங்காரம் போலத் தெரிகிற ஒவ்வொரு மடிப்பும் பாரம் கைமாறுகிற இடம். கட்டுமானம் தெரிந்தவன் சொல்லித்தான் சிற்பி பூ போட்டிருக்கிறான். இரண்டும் ஒரே ஆளாகவும் இருந்திருக்கலாம்.

முத்துச்சரத்தைக் கொஞ்சம் கிட்டே பார்க்க வேண்டும். கருங்கல் ஒரே பொருளால் ஆனதில்லை. குவார்ட்ஸ் துகள் கடினம். பால்வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கிற ஃபெல்ஸ்பார் அதைவிடக் கொஞ்சம் மெத்தனம், ஆனால் தட்டினால் தளம் தளமாகப் பிளக்கும். கரும்புள்ளியாக இருக்கும் அப்பிரகம் செதில் செதிலாக உதிரும். ஓர் அரிசி அகலத்துக்குள் இந்த மூன்றும் மாறி மாறி வரும். அந்த இடத்தில் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், வட்டம் கெடாமல் வரிசையாக மணி எடுப்பது என்றால், ஒவ்வொரு தட்டுக்கும் கை தன் பலத்தை மாற்ற வேண்டும். உளி முனை சில தட்டுகளிலேயே மழுங்கும். உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் துவைத்துக் கொடுக்க ஒரு கொல்லன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். ஒரு மணி உடைந்தால் சரம் போச்சு. சரம் போனால் தூணே போச்சு. எபாக்சி வைத்து ஒட்டி, மேலே மெழுகு தேய்த்து லாரியில் ஏற்றுகிற வசதி அன்றைக்குக் கிடையாது. இதைச் சொல்லும்போது பெரியவர் சிரித்தார். “அவனுக்கு ரெண்டாவது கல்லே இல்ல தம்பி. அதான் மொதக் கல்லுலயே சரியா வந்திருச்சு.”

பார்க்கும் முறை ஒன்று சொல்ல வேண்டும். செல்போன் விளக்கை நேராக அடித்தால் சிற்பம் செத்துப்போகும். வெறும் எண்ணெய்ப் பிசுக்குதான் தெரியும். விளக்கைத் தூணின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். மேடுகளின் நிழல் நீளும். இல்லை என்று நினைத்த கொடி எழுந்து வரும். இந்த மாதிரித் தாழ்ந்த புடைப்பு வேலை வாசலிலிருந்து சாய்ந்து வரும் காலை வெயிலுக்கும் திரிவிளக்கின் ஆட்டத்துக்கும் ஏற்றது. ட்யூப் லைட்டு கூரையிலிருந்து கொட்டுகிற வெளிச்சத்தில் இதன் பாதி அழகு போய்விடுகிறது. கோயிலில் வெளிச்சம் கூடக் கூடச் சிற்பம் குறைகிறது என்று ஒரு நிர்வாகியிடம் சொன்னால் நம்மை ஒருமாதிரி பார்ப்பார்.

இனி அண்ணாந்து பாருங்கள். மண்டபத்தின் விதானத்தில் எண்திசைக் காவலர்கள். ஒன்பது கட்டம், நடுக்கட்டத்தில் சிவன், சுற்றிலும் எட்டுப் பேர். யார் எவர் என்று தெரிய ஆகமம் படித்திருக்க வேண்டியதில்லை, வாகனம் தெரிந்தால் போதும். யானை என்றால் இந்திரன், கிழக்கு. ஆட்டுக்கடா அக்கினி, தென்கிழக்கு. எருமை யமன், தெற்கு. மனிதனையே வாகனமாக்கி ஏறியிருப்பவன் நிருதி, தென்மேற்கு. மகரம் வருணன், மேற்கு. மான் வாயு, வடமேற்கு. வடக்கில் குபேரன். காளை ஈசானன், வடகிழக்கு. அவரவர் திசையில் அவரவர். மண்டபத்துக்குள் வழி தவறினாலும் கூரையைப் பார்த்துத் திசை சொல்லிவிடலாம்.

இதில் என்னை மயக்குவது சிற்பி போட்ட கணக்கு. விதானப் பலகையைக் கீழே மல்லாத்திப் போட்டுச் செதுக்கிவிட்டுத்தான் மேலே ஏற்றிக் கவிழ்ப்பார்கள். தரையில் கிடக்கிற கல்லில் கிழக்கைக் கிழக்கிலேயே செதுக்கினால், கவிழ்த்ததும் அது மேற்குக்குப் போய்விடும். ஆகவே கீழே இருக்கும்போது இந்திரனை மேற்கில் வைத்து, வருணனைக் கிழக்கில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஒரே பெரிய பலகையாக இருந்தாலும் சரி, தனித்தனிப் பலகைகளைக் கீழே அடுக்கிப் பார்த்தாலும் சரி, வேலை நடக்கிற நாளெல்லாம் உலகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். திசைக் காவலனையே திசை மாற்றி வைத்து, ஏற்றிய பிறகு சரியாக உட்கார வைக்கிற மனக்கணக்கு அது.

இன்னொரு சிக்கல், எல்லாக் கட்டமும் ஒரே அளவு. ஐராவதத்துக்கும் அதே சதுரம், ஆட்டுக்கடாவுக்கும் அதே சதுரம். உள்ளது உள்ளபடி செதுக்கினால் யானை கட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும், ஆடு மூலையில் ஒண்டும். இந்த வகை விதானங்களைச் செதுக்கியவர்கள் பெரும்பாலும் இதற்கு ஒரே வழியைத்தான் பிடித்தார்கள். யானையைச் சுருக்கினார்கள், ஆட்டை வளர்த்தார்கள். மேலே உட்கார்ந்திருக்கும் தேவன் அளவு மாறுவதே இல்லை. அதனால் எட்டுப் பேரும் ஒரே வரிசை மரியாதையில் தெரிகிறார்கள். நம் கண்ணும் அதை ஒத்துக்கொள்கிறது. ஆடு ஏன் யானை பெருசு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்து அரளகுப்பே என்ற கிராமத்தில் கல்லேசுவரர் கோயில் இருக்கிறது. அதுவும் நுளம்பர் காலம்தான், 9-ஆம் நூற்றாண்டு. அங்கேயும் இதே திட்டத்தில் விதானம்: நடுவில் ஆடும் சிவன், சுற்றிலும் திசைக் காவலர்கள், மூலைகளில் மாலை ஏந்திப் பறக்கும் வித்யாதரர்கள். கலை வரலாறு எழுதியவர்கள் கொண்டாடிய விதானம் அது. தருமபுரி விதானத்தை அதற்கு உறவு என்று சொல்லலாம். கிட்டத்தட்ட ஒரே தலைமுறை, ஒரே பள்ளி. அரளகுப்பே விதானம் துல்லியத்தில் ஒரு படி மேல் என்றே நான் சொல்வேன். ஆனால் அதைப் பார்க்க எல்லை தாண்டிப் போக வேண்டும். இது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ தூரம்.

அடுத்தது குந்தி உட்கார வேண்டிய இடம், காமாட்சி அம்மன் சந்நிதியின் அதிட்டானம். கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் சூலினி ராஜதுர்க்கைக்கு வரும் கூட்டத்தில் குந்தினால் மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள். சந்நிதி உயரமானது, படி ஏறிப் போக வேண்டும். அடித்தளத்தில் யானைகள் அணிவகுத்து நிற்கின்றன. பதினெட்டு யானைகள் அம்மனைச் சுமப்பதாக ஊரில் சொல்வார்கள். யானை சுமக்கிற தளம் என்பது புதிய கற்பனை இல்லை; எல்லோராவின் கைலாசநாதர் கோயிலில் மலையளவுக் கோயிலையே யானைகள் தூக்கி நிற்கின்றன. இங்கே அது நம் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. பெரிய ஒரு கற்பனையைச் சின்னக் கோயிலுக்குத் தக்கபடி வெட்டித் தைத்திருக்கிறார்கள், அளவு பிசகாமல்.

அந்த அடித்தளத்தில்தான் ராமாயணம். சுற்றிவர வேண்டிய சுற்றிலேயே கதை. குறுஞ்சிற்பம் என்பது ஒரு தனி இலக்கணம். உள்ளங்கையகலக் கட்டத்தில் முகபாவம் காட்ட முடியாது; காட்டினாலும் தெரியாது. அதனால் சிற்பி உடம்பின் கோட்டை வைத்துக் கதை சொல்கிறான். முதுகு வளைந்தால் வணக்கம், முழங்கால் மடிந்தால் ஓட்டம், கை உயர்ந்தால் அடி. வில் இருந்தால் ராமலட்சுமணர், வால் இருந்தால் வானரம். மரம் ஒன்று நட்டுவிட்டால் காடு. எழுதத் தெரிந்தவன் எதை விடுவது என்று தெரிந்தவன் என்பார்களே, அந்தக் கலை இங்கே கல்லில் இருக்கிறது.

இந்தக் கலையின் உச்சம் சோழ நாட்டில். தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், பசுபதிகோயிலை ஒட்டிய புள்ளமங்கை பிரம்மபுரீசுவரர் கோயிலைச் சொல்கிறேன். 10-ஆம் நூற்றாண்டு, பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள கோயில். அதன் அதிட்டானத்தில் உள்ள ராமாயணக் கட்டங்களும் சிவபுராணக் கட்டங்களும் நகைவேலை நுணுக்கம். வடபுறத்துத் துர்க்கை மகிஷன் தலைமேல் குடைக்கீழ் நிற்கிறாள். இரண்டு பக்கமும் சிங்கமும் மானும். காலடியில் தங்களையே அரிந்து கொடுக்கும் வீரர்கள். அதையும் தருமபுரியையும் தராசில் வைக்கச் சொன்னால் புள்ளமங்கைத் தட்டு இறங்கும், சந்தேகமில்லை. ஆனால் தருமபுரியில் வேறொரு ருசி. காவிரிக் கரைச் சிற்பியின் கையில் ஒரு நிதானம் இருக்கும். நுளம்பர் சிற்பியின் கையில் கொஞ்சம் விளையாட்டு இருக்கும். கொடிச்சுருளை முடிக்க மனசில்லாமல் இன்னொரு சுற்று சுற்றிவிடுவான். காலியிடம் கண்டால் ஒரு பூ வைத்துவிடுவான். பூ கட்டுகிற அக்கா முழம் அளந்த பிறகும் நாலு பூ கூட வைத்துக் கொடுப்பதுபோல.

இந்த விளையாட்டுக்கு மயங்கியவர்களில் முக்கியமானவர்கள், நுளம்பரை வென்ற சோழர்களே. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் அவன் வென்ற நாடுகளில் ஒன்றாக நுளம்பபாடியும் வருகிறது. அதற்குப் பிறகு ஹேமாவதியிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட தூண்கள் பெயர்க்கப்பட்டுக் காவிரிக் கரைக்குப் போயின. திருவையாறு ஐயாறப்பர் கோயில் வளாகத்தில் முதலாம் ராஜேந்திரனின் தேவி பஞ்சவன்மாதேவி எடுப்பித்த தென்கயிலாயத்தில் அவை நிற்கின்றன. சுற்றிலும் சோழர் கல். நடுவில் கருமையாக, வழவழப்பாக, மேனியெல்லாம் வேலைப்பாட்டோடு இந்தத் தூண்கள். வெற்றிச் சின்னமாக ராஜேந்திரன் கொண்டுவந்தவை என்று சி. சிவராமமூர்த்தி எழுதினார், சென்னை அருங்காட்சியகத்திலுள்ள நுளம்பச் சிற்பங்களைப் பற்றி 1964-இல் தனி நூலே போட்டவர் அவர்.

வென்ற ஊரிலிருந்து பொன்னும் யானையும் கொண்டுவருவது வழக்கம். சோழர்கள் சிலையும் கொண்டுவந்திருக்கிறார்கள். கல்யாணபுரத்தை எரித்துவிட்டு எடுத்துவந்தது என்று ராஜாதிராஜன் எழுதியே வைத்த சாளுக்கியத் துவாரபாலகர் தாராசுரத்தில் இருந்தது. ஆனால் தூண்? ஹேமாவதிக்கும் திருவையாற்றுக்கும் நேர்கோட்டில் அளந்தாலே 400 கிலோமீட்டருக்குக் குறையாது. இன்றைக்கு நாங்கள் ஒரு கல் பாளத்தைக் கிருஷ்ணகிரியிலிருந்து துறைமுகத்துக்கு அனுப்ப கிரேன், டிரெய்லர், பர்மிட் என்று படுகிற பாடு எனக்குத் தெரியும். மாட்டு வண்டியிலும் உருளையிலும், ஆறு குறுக்கிட்டால் அதையும் தாண்டி, மணி ஒன்று உதிராமல் நாற்பது தூணைக் கொண்டுபோவது என்றால், அது வெறும் வெற்றிச் செருக்கால் ஆகிற காரியமில்லை. பெரிய கோயில் எழுவதைக் கண் எதிரே பார்த்த ஒருவன் அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்து, ‘இது நம்மிடம் இல்லை’ என்று நினைத்திருக்கிறான். நுளம்பர் சிற்பிக்கு இதைவிடப் பெரிய பாராட்டை நான் எழுதிவிட முடியாது.

சுற்றுவட்டாரத்தில் வேறு கோயில்கள் இல்லாமல் இல்லை. தென்பெண்ணைக் கரையில் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்துப் பெண்ணேஸ்வரமடம் கல்வெட்டுக்காரர்களுக்குச் சுரங்கம். குந்தாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஹொய்சள ராமநாதன் காலத்து எழுத்துகளும் அங்கே உண்டு. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதலாம். ஆனால் கல்லில் கை போட்ட நயத்துக்கு என்று ஒரே இடம் சொல்லச் சொன்னால், நான் கோட்டைக் கோயில் மகாமண்டபத்தைத்தான் சொல்வேன்.

அதனால்தான் ஒரு பயமும் உண்டு. இதுவரை சொன்ன நயமெல்லாம் கல்லின் மேல்தோலில், சில மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. கல் உள்ளே எவ்வளவு ஆழம் இருந்தாலும் சிற்பத்துக்கு அது பயனில்லை. தோல் போனால் எல்லாம் போச்சு. எங்கள் தொழிலில் மணல் வீச்சு என்று ஒன்று உண்டு. அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சினால் பாலிஷ் போட்ட பலகையும் நொடியில் சொரசொரப்பாகும். அதன் சக்தி எனக்குத் தெரியும். அதே மணலைத்தான் ‘எண்ணெய்ப் பிசுக்கு போகும்’ என்று பல ஊர்க் கோயில்களில் சிற்பத்தின் முகத்தில் பீய்ச்சினார்கள். பிசுக்கு போனது, மூக்கும் இமையும் முத்துச்சரமும் கூடவே போயின, கல்வெட்டுகளில் எழுத்தின் ஓரம் மழுங்கிப் படிக்க முடியாமல் ஆனது. தமிழ்நாட்டில் இதற்கு இப்போது தடை இருக்கிறது. ஆனால் தடை காகிதத்தில் இருக்கிறது, கம்ப்ரஸர் வாடகைக்குக் கிடைக்கிறது. கும்பாபிஷேகத் தேதி குறித்துவிட்டால் எல்லோருக்கும் அவசரம். மணல் வேண்டாம் என்றால் எனாமல் பெயிண்ட் டப்பாவோடு வருகிற உபயதாரரும் உண்டு.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி என்று ரசீதுப் புத்தகத்தோடு வந்தால், பணத்தைக் கொடுக்கும்போது கூடவே ஒரு வார்த்தை கேளுங்கள்: “கல்லை எதை வைத்துச் சுத்தம் செய்யப்போறீங்க?” தண்ணீரும் நார்த் தூரிகையும் பொறுமையான நாலு ஆளும் போதும். அதற்கு மேல் எந்த மெஷின் வந்தாலும், கல் வேலை தெரிந்த ஒருவரை அழைத்து வந்து காட்டும் வரை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.